'கியர்பாக்ஸ் போயிடுச்சு சார்': ஆட்டோமேட்டிக் கார் எஸ்டிமேட்டுக்கு ஓகே சொல்லும் முன் என்ன கேட்க வேண்டும்?

வாரன்டி முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். சிக்னலில் நின்று கிளம்பும்போது கார் லேசாக நடுங்குகிறது. கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஒரு வெட்டு வெட்டுகிறது. சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போய்விடுகிறீர்கள். மதியம் போன் வருகிறது. "சார், கியர்பாக்ஸ் போயிடுச்சு. முழு அசெம்ப்ளியையே மாத்தணும். எஸ்டிமேட் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், ஓகே சொன்னீங்கன்னா பார்ட் ஆர்டர் போட்டுடலாம்."

திறந்து பார்த்தால் லட்சங்களில் ஒரு தொகை. கார் லோனில் இன்னும் இரண்டு வருட இஎம்ஐ பாக்கி.

"கியர்பாக்ஸ் போயிடுச்சு" என்பது டாக்டர் "உடம்பு சரியில்ல" என்று சொல்வது மாதிரி. என்ன டெஸ்ட் எடுத்தார்கள், எந்தப் பாகம், ஏன் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எதுவுமே அதில் இல்லை. சில நேரங்களில் அசெம்ப்ளியை மாற்றுவதுதான் சரியான வழியாக இருக்கும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. அவை செய்யப்பட்டனவா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அந்தக் கேள்விகள் என்ன, இந்தியாவில் ஏன் பேச்சு இவ்வளவு சீக்கிரம் "முழுசா மாத்தணும்" என்பதில் வந்து நிற்கிறது என்று பார்க்கலாம்.

உங்கள் காரில் இருப்பது எது?

இங்கே ஆட்டோமேட்டிக் என்பது ரொம்ப நாள் பணக்கார வீட்டுச் சமாச்சாரமாகத்தான் இருந்தது. 2014-இல் மாருதி சுசுகி, செலெரியோவை ஏஎம்டியுடன் இறக்கியபோது அது நடுத்தர வர்க்கத்துக்கு எட்டியது. பெங்களூரு சில்க் போர்டிலும் சென்னை ஓஎம்ஆரிலும் கிளட்ச்சை மிதித்து மிதித்து முழங்கால் வலி கண்டவர்களுக்கு அடுத்த கார் ஆட்டோமேட்டிக்தான். விற்பனை பரவிய வேகத்தில், பழுதுபார்க்கும் அறிவும் கருவிகளும் பரவவில்லை.

ஆட்டோமேட்டிக் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் நான்கு வேறு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. நான்குக்கும் நோய் வேறு, வைத்தியம் வேறு.

வேகன்ஆர், டியாகோ போன்ற கார்களில் வருவது ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஓர் ஆக்சுவேட்டர் செய்கிறது, அவ்வளவுதான். அதனால் கிளட்ச் பிளேட் மேனுவல் காரைப் போலவே தேயும். மேட்டில் பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே காரை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் தேயும். இதில் கோளாறு என்றால் முதல் சந்தேகம் கிளட்ச் மீதும் ஆக்சுவேட்டர் மீதும்தான் வர வேண்டும். "கியர்பாக்ஸே போச்சு" என்று யாராவது ஏஎம்டி காரைப் பார்த்துச் சொன்னால் இரண்டாவது ஆளிடம் காட்டாமல் நகராதீர்கள்.

பிரெஸ்ஸா, எர்டிகா, இனோவா கிரிஸ்டா ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே ஆயில் வழியாக விசை கடத்தப்படுகிறது. நால்வரில் மூத்தது, பொறுமைசாலி. ஹோண்டா சிட்டி, எலிவேட்டில் சிவிடி. இரண்டு புல்லிகள், நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட், படிப்படியான கியர்களே கிடையாது. இதற்கென்று தனி ஆயில் உண்டு. தவறான ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கத் தொடங்கும், அப்புறம் அது பெரிய செலவு. ஹூண்டாய், கியா நிறுவனங்கள் தங்கள் சிவிடியை ஐவிடி என்று அழைக்கின்றன, குழம்ப வேண்டாம்.

நான்காவது டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச். தலைவலிக் கதைகளில் பெரும்பகுதி இங்கேதான்.

ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. நீங்கள் இரண்டாவது கியரில் போகும்போதே மூன்றாவது தயாராக நிற்கும். அதனால்தான் அவ்வளவு விரைவாக மாறுகிறது. இதில் கிளட்ச்கள் ஆயிலில் மூழ்கியிருந்தால் 'வெட்', வெறும் காற்றில் இருந்தால் 'டிரை'. டாடா தன் டிசிடியில் வெட் கிளட்ச் வைத்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் டிக்யூ200 என்ற ஏழு வேக கியர்பாக்ஸில் டிரை. விர்டஸ், டைகூன் கார்களின் 1.5 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கில் வருவது இதுதான். 1.0 டிஎஸ்ஐயில் டார்க் கன்வெர்ட்டர். ஒரே மாடல், இன்ஜின் மாறினால் கியர்பாக்ஸின் இனமே மாறிவிடுகிறது. வாங்கும்போது ஷோரூமில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

டிரை கிளட்ச்சின் பலவீனம் வெப்பம். பம்பர் டு பம்பர் டிராஃபிக்கில் பிரேக்கை அரைகுறையாக விட்டுவிட்டு ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் உரசிக்கொண்டிருக்கும். ஆயில் குளியல் இல்லாததால் அந்தச் சூடு போக வழியில்லை. முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு, பிரேக்கை முழுதாக அழுத்தி நின்று, பிறகு நகர்வது கிளட்ச்சின் ஆயுளை நிஜமாகவே கூட்டும். அந்த இடைவெளியில் ஓர் ஆட்டோ நுழைந்துவிடும் என்பது வேறு பிரச்சினை.

"நீங்க ஓட்டுற விதம்தான் காரணம்"

மேலே சொன்ன அறிவுரைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. டிசிடி நடுங்குகிறது என்று போனால் சர்வீஸ் சென்டரில் அடிக்கடி கிடைக்கும் பதில் இது: கார் நன்றாக இருக்கிறது, நீங்கள் ஓட்டும் விதத்தில்தான் கோளாறு.

இதே பதில் ஆஸ்திரேலியாவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஃபியஸ்டா, ஃபோகஸ், எகோஸ்போர்ட் கார்களில் ஃபோர்டு பொருத்திய 'பவர்ஷிஃப்ட்' டிசிடி பற்றி அங்கே ஆயிரக்கணக்கான புகார்கள். அந்த கியர்பாக்ஸுடன் விற்கப்பட்டவை சுமார் 70,000 கார்கள். நடுக்கம் தரக் குறைபாட்டின் அறிகுறி என்று தெரிந்திருந்தும், வாடிக்கையாளர்களிடம் அவர்கள் ஓட்டும் பாணிதான் காரணம் என்று சொல்லப்பட்டது என அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்ரலில் பெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கியர்பாக்ஸ் கெட்டதற்காக விதித்த அபராதம் அல்ல அது. புகாருடன் வந்தவர்களை நடத்திய விதத்துக்கானது.

எகோஸ்போர்ட் இந்தியாவிலும் அதே குடும்பத்து டிசிடியுடன் விற்றது. 2017-இல் வந்த புதிய வடிவத்தில் ஃபோர்டு டார்க் கன்வெர்ட்டருக்கு மாறிக்கொண்டது. 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாகவும் அறிவித்தது. பழைய டிசிடி கார்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபோக்ஸ்வாகன் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 2013 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சியின் நுகர்வோர் தின நிகழ்ச்சி இந்த கியர்பாக்ஸ் கோளாறை அம்பலப்படுத்தியது. உடனே அங்கே 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்களுக்கு ரீகால். சூடும் ஈரப்பதமும் அதிகமுள்ள நாடுகளில், சிந்தெடிக் கியர் ஆயில் காரணமாக கியர்பாக்ஸின் மின்சார இணைப்பில் கோளாறு வரலாம் என்பது நிறுவனம் சொன்ன காரணம். தீர்வு? சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியதுதான். கோளாறு பெரிதாகத் தெரிந்தாலும் வேர் சின்னதாக இருக்கலாம்.

நம் ஊர் உதாரணம் 2024 பிப்ரவரியில் வந்தது. கிரெட்டா, வெர்னா கார்களில் 7,698-ஐ ஹூண்டாயும், செல்டோஸில் 4,358-ஐ கியாவும் திரும்ப அழைத்தன. எல்லாமே 2023-இல் தயாரான பெட்ரோல் சிவிடி கார்கள். காரணம் எலெக்ட்ரானிக் ஆயில் பம்ப்பின் கன்ட்ரோலரில் இருக்கக்கூடிய குறைபாடு. பெல்ட்டும் புல்லியும் சரியாகவே இருக்க, அவற்றுக்கு ஆயில் தள்ளும் பம்ப்பை இயக்கும் ஒரு எலெக்ட்ரானிக் பாகம்தான் பிரச்சினை. ஆகவே எஸ்டிமேட் வந்ததும் முதல் வேலை, சேசிஸ் எண்ணை வைத்து உங்கள் கார் ஏதாவது ரீகாலில் வருகிறதா என்று பார்ப்பது. பெரிய நிறுவனங்கள் பலவும் இதற்குத் தங்கள் இணையதளத்தில் வசதி வைத்திருக்கின்றன. ரீகால் வேலைக்குக் கட்டணம் கிடையாது.

பெட்டியைத் திறக்கும் முன்

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார், கேள்வி கேட்பார். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடான பிறகா? டி போடும்போது இடிக்கிறதா, ஆர் போடும்போதா? மேட்டில் மட்டுமா? இதையெல்லாம் நீங்களே ஒரு வாரம் குறித்துவைத்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. முடிந்தால் டாஷ்போர்டும் சத்தமும் பதிவாகும்படி பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வொர்க்‌ஷாப்புக்குப் போனதும் கோளாறு ஒளிந்துகொள்ளும் என்பது எல்லா கார்களுக்கும் பொதுவான ராசி.

அடுத்தது, கியர்பாக்ஸ் மாதிரி நடிக்கும் வேறு கோளாறுகள். பேட்டரி வலுவிழந்தால் ஏஎம்டி, டிசிடி ஆக்சுவேட்டர்கள் தடுமாறும். கியர் விழாது, எச்சரிக்கை விளக்கு எரியும். இன்ஜின் மவுன்ட் தேய்ந்திருந்தால் டி போட்டதும் 'தட்' என்று இடிக்கும். ஒரு ஸ்பார்க் பிளக் சரியாக எரியாவிட்டால் வரும் குலுங்கலை, கியர் வழுக்குவதாக நினைத்துக்கொள்வது ரொம்பச் சுலபம். பி-யிலிருந்து லீவர் நகரவே மாட்டேன் என்கிறதா? பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் பிரேக் பெடல் ஸ்விட்ச் போயிருக்கலாம். பிரேக் மிதித்திருக்கிறீர்கள் என்பது காருக்குத் தெரியாததால் பூட்டைத் திறக்க மறுக்கிறது. பெரும்பாலான கார்களில் சில நிமிட வேலை.

அப்புறம் ஸ்கேன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கும் சின்ன புளூடூத் ஓபிடி கருவி பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரைத்தான் படிக்கும். அதில் பி0700 என்று வந்தால் 'டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்' என்று அர்த்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பி0700-ஐ காட்டி யாராவது கியர்பாக்ஸ் மாற்றச் சொன்னால் அது நியாயமே இல்லை. டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்க்கும் ஸ்கேனர்தான் உண்மையைச் சொல்லும். பி0715 என்றால் வேகத்தை அளக்கும் ஒரு சென்சாரின் சர்க்யூட். பி0741 என்றால் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை. பி0730 என்றால் கியர் விகிதம் கணக்குக்கு ஒத்துவரவில்லை, அதாவது உள்ளே எங்கோ வழுக்குகிறது. முதலாவது சென்சார் அல்லது ஒயர் வேலையாக முடியலாம். மூன்றாவது நிஜமாகவே கவலைப்பட வேண்டியது. மூன்றையும் "கியர்பாக்ஸ் எரர்" என்ற ஒரே வரியில் அடக்கிவிட முடியாது.

ஆயில்தான் அடுத்த சாட்சி. நிறைய புதிய கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு டிப்ஸ்டிக்கே கிடையாது. குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, காரைச் சமமாக லிஃப்டில் ஏற்றி, பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்க முடியும். கருகிய வாசனை வந்தால் கிளட்ச்கள் எரிந்திருக்கின்றன. அடியில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பொடி படிந்திருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் கதை வேறு. அப்போது "திறந்து பார்க்கணும்" என்று சொல்பவரை நம்பலாம்.

'லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்று விற்கும்போது சொல்லியிருப்பார்கள். யாருடைய லைஃப்டைம் என்பதுதான் கேள்வி. கியர்பாக்ஸ் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், ஓட்டும் சூழலைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் தன் கியர்பாக்ஸ்களின் ஆயிலை மாற்றச் சொல்கிறது. நம் வெயிலும் டிராஃபிக்கும் சுலபமான சூழல் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் மேனுவலில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு தனி அட்டவணை இருந்தால், அதில் சொல்லியிருக்கும் வாழ்க்கைதான் நாம் வாழ்வது.

கடைசியாக, அடாப்டேஷன். கிளட்ச் எந்தப் புள்ளியில் ஒட்டத் தொடங்குகிறது என்பதை கம்ப்யூட்டர் கற்று வைத்திருக்கும். கிளட்ச் தேயத் தேய அந்தக் கணக்கு பிசகும். ஸ்கேனர் வைத்து மறுபடி கற்றுக்கொடுத்தாலே சில கார்களில் வெட்டு நின்றுவிடுகிறது. புது கிளட்ச் போட்டும் வெட்டுகிறது என்றால் இந்த வேலையைச் செய்யாமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஏன் எப்போதும் 'முழுசா'?

இவ்வளவு படிகள் இருக்கும்போது ஏன் நேராக அசெம்ப்ளிக்குப் போகிறார்கள்? எல்லோரையும் திருடர்கள் என்று சொல்வது சுலபம், ஆனால் தப்பு. வால்வ் பாடியைப் பிரித்து ஒரு சோலனாய்டை மட்டும் மாற்ற, பயிற்சி பெற்ற ஆள், சுத்தமான அறை, சிறப்புக் கருவிகள் வேண்டும். பல மாடல்களில் உள்பாகங்கள் தனியாக விற்பனைக்கே வருவதில்லை. முழு யூனிட்டை மாற்றினால் ஒரு நாள் வேலை, மறுபடி கோளாறு வரும் பயமும் இல்லை. டீலருக்கு அது பாதுகாப்பான வழி. செலவு மட்டும் உங்களுடையது.

வெளியே இருக்கும் ஸ்பெஷலிஸ்ட் மெக்கானிக் அந்த ஒரு சோலனாய்டை மாற்றத் தெரிந்தவராக இருக்கலாம். ஆனால் நிறுவனத்தின் ஸ்கேனர் சாஃப்ட்வேரும் அசல் பாகமும் அவர் கைக்கு வந்து சேருமா?

இந்தக் கேள்விக்கு 2014-லேயே ஒரு பதில் கிடைத்தது. ஷம்ஷேர் கடாரியா என்பவரின் புகாரில் தொடங்கிய வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் சுதந்திர மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்றது ஆணையம். அபராதத் தொகை மேல்முறையீடுகளில் சிக்கிக்கொண்டது, அது வேறு கதை. நமக்கு முக்கியமானது அந்த உத்தரவில் இருந்த இன்னொரு வரி: வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது. வெளி வேலையால் எந்த அளவுக்குச் சேதம் வந்ததோ, அந்த அளவுக்கு மட்டுமே வாரன்டியை மறுக்கலாம். "வெளிய கைய வெச்சா வாரன்டி போச்சு" என்று கவுன்டரில் சொல்கிறவர் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

எஸ்டிமேட் கையில் இருக்கிறது, இப்போது?

எழுத்தில் கேளுங்கள். டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டரில் வந்த கோடுகளின் பிரின்ட் அவுட், ஆயில் சோதனையின் புகைப்படம், அடாப்டேஷன் செய்து பார்த்தார்களா, இந்த யூனிட்டில் தனியாகக் கிடைக்கும் பாகங்கள் எவை. வாட்ஸ்அப்பில் கேட்டாலும் பரவாயில்லை, பதில் பதிவாக வேண்டும் என்பதுதான் விஷயம். மாற்றினால் பழைய யூனிட்டைத் திருப்பிக் கேளுங்கள்; அல்லது அதைக் கொடுப்பதற்கு விலையில் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேளுங்கள். புது யூனிட்டுக்கு எத்தனை மாத வாரன்டி என்பது பில்லிலேயே இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பழைய டெம்ப்ளேட்டில் 28 போட்டிருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

இன்ஷூரன்ஸை நம்பி இருக்க வேண்டாம். தேய்மானம், இயந்திரக் கோளாறு எல்லாம் சாதாரண பாலிசியில் வராது. 'இன்ஜின் அண்ட் கியர்பாக்ஸ் புரொடெக்‌ஷன்' என்ற ஆட்-ஆன் பொதுவாக வெள்ளநீர் புகுந்தாலோ, அடியில் அடிபட்டு ஆயில் ஒழுகினாலோதான் கைகொடுக்கும். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால் அதுவும் சிக்கலாகலாம். வாரன்டிக்குள் இருப்பவர்கள், எக்ஸ்டெண்டட் வாரன்டியில் கிளட்ச் தேய்மானம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே படித்துவிடுவது நல்லது.

பேச்சு பலிக்கவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். மதுரையில் வாங்கிய காருக்கு புனேவிலிருந்து வழக்குப் போட முடியும். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் இந்தச் சட்டத்தில் சேவைக் குறைபாடுதான். ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டுத் தராத வாட்ஸ்அப் உரையாடல் அங்கே உங்களுக்கு உதவும்.

பாதுகாப்பைப் பாதிக்கும் கோளாறு, உதாரணமாக ஹைவேயில் ஓடும்போதே இழுவை போய்விடுவது என்றால் ரீகாலுக்கான தனிப் பாதை 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட வாகனங்களுக்கு வாகன் தளத்தில் புகார் பதியலாம். ஒரே மாடலுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் அரசே விசாரித்து ரீகாலுக்கு உத்தரவிட முடியும். அமெரிக்காவில் இப்படி வரும் புகார்களை யார் வேண்டுமானாலும் மாடல் வாரியாகத் தேடிப் படிக்கலாம். டேட்டா ஜர்னலிஸ்ட்டாக எனக்கு அதைப் பார்த்துப் பொறாமை. உங்கள் கார் மாதிரியே இன்னும் எத்தனை கார்கள் நடுங்குகின்றன என்று தெரிந்தால் "நீங்க ஓட்டுற விதம்" என்ற வாதம் ஒரு நிமிடம்கூட நிற்காது.

மத்திய அரசு 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' தளத்தைத் தொடங்கியபோது வேளாண் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்களுடன் வாகனங்களையும் அதில் சேர்த்தது. 2025-இல் ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் குறியீட்டுக்கான பரிந்துரை வந்தது. அது மொபைலுக்கும் எலெக்ட்ரானிக்ஸ் பொருட்களுக்கும். கார் அந்தப் பட்டியலில் இல்லை.